வெண்ணெய்ப் பழ மரம்: டெல்டாவில் குழி வேண்டாம், மேடு போடுங்கள்

வெண்ணெய்ப் பழக் கொட்டையை, அதாவது பட்டர் ஃப்ரூட் கொட்டையை, முளைக்க வைப்பது சுலபம். ஈரமும் நிழலும் கிடைத்தால் தானாகவே வெடித்து முளைவிடும். செடியை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவருவதும் கஷ்டமில்லை. நம் பக்கத்தில் இந்த மரம் சாவது ஐப்பசி, கார்த்திகையில்தான். வெயிலில் கருகிப் போன செடிகளைவிட, அடைமழையில் வேரடியில் தண்ணீர் நின்று போன செடிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் தண்ணீர் வடிவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கொட்டை அப்புறம்.

நான் வாழ்க்கைப்பட்டது திருவையாற்றுப் பக்கம், காவிரிப் படுகையை ஒட்டிய ஊர். கொல்லையில் மண்வெட்டி போட்டால் மணல் கலந்த வண்டல் வரும். பிறந்த வீடு மன்னார்குடிப் பக்கம். அங்கே சுத்தக் களி. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும், மழையில் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு வீட்டுக் கொல்லையிலும் இந்த மரம் இருக்கிறது. ஒரே கூடைப் பழத்தின் கொட்டைகள்தான். ஆனால் நட்ட விதம் ஒன்றல்ல, ஒன்றாக இருக்கவும் முடியாது.

குழி ஏன் ஆகாது

பழமரம் என்றதும் எல்லோரும் சொல்வது மூன்றடிக்கு மூன்றடி குழி எடு, எரு கலந்து நிரப்பு, நடு என்பதுதான். தாண்டிக்குடி, பெரும்பாறை மாதிரி மலைச் சரிவில் அது சரி. எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். களிமண்ணில் அதே குழியை எடுத்து உள்ளே செம்மண்ணும் எருவும் போட்டால் என்ன ஆகும்? சுற்றியிருக்கும் களி தண்ணீரை விடாது. கொல்லையில் விழும் மழையெல்லாம் பொலபொலவென்று இருக்கும் அந்த இடத்தைத் தேடிவந்து இறங்கி நின்றுகொள்ளும். நாமே ஒரு தொட்டி கட்டி, அதற்குள் மரத்தை வைத்த மாதிரி ஆகிவிடும்.

இந்த மரத்தின் வேர் அதைத் தாங்காது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த மரம் இது. அங்கே காட்டுச் சருகுக்கு அடியில், காற்றோட்டமான மேல்மண்ணில் வாழப் பழகியது. உணவு எடுக்கும் வேர் பெரும்பாலும் மேலே ஓர் அடிக்குள்தான் ஓடுகிறது. மற்ற மரங்களின் வேரில் ஈரம் உறிஞ்ச மயிரிழையாக இருக்கும் வேர்த்தூவி இதற்கு ஏறக்குறைய இல்லை. மண்ணில் காற்று இல்லாமல் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே அந்த வேர் கெட ஆரம்பிக்கும். அப்புறம் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி நுழையும். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடிப்பவை. தண்ணீர் தேங்குவதும் அந்த நோயும் சேர்ந்தேதான் வரும். உலகச் சந்தையில் அதிகம் விற்கும் ஹாஸ் ரகத்தின் தாய் மரம் கலிபோர்னியாவில் 2002-இல் பட்டுப்போனதும் வேரழுகலால்தான்.

உங்கள் மண் எப்படி என்று பார்த்துவிடுங்கள். நடப்போகும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். முதல் தடவை காய்ந்த மண் குடித்துவிடும், கணக்கில்லை. இரண்டாவது தடவை ஊற்றியது சில மணி நேரத்தில் இறங்கினால் நல்ல மண். மறுநாள் காலையிலும் நின்றால் மேடு இல்லாமல் நடவே கூடாது.

வல்லம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குச் செம்மண் வாய்த்திருக்கிறது. 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய் பாயும் பூமி அது. அங்கே ஓர் அடி மேடு போதும். எங்கள் படுகை மண்ணுக்கு ஒன்றரை அடி போட்டேன். மன்னார்குடி, திருவாரூர், திருத்துறைப்பூண்டிக் களிக்கு மூன்றடி வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். கொல்லை வயலை ஒட்டி இருக்கிறதா? சம்பாவுக்கு வயலில் தண்ணீர் கட்டியதும் கொல்லை மண்ணிலும் ஈரம் ஏறும். மேலே காய்ந்து தெரியும், ஓர் அடி தோண்டினால் கசியும். அப்படிப்பட்ட இடத்தில் வேலி ஓரத்தை விட்டு, வீட்டை ஒட்டிய உயரமான பக்கத்துக்கு வந்துவிடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி இருக்கட்டும். தென்னையிலிருந்தும் அதே தூரம் விடுங்கள். தென்னை வேர் மேட்டுக்குள் புகுந்தால் எருவையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும்.

மேடு போடுவது

மேட்டைக் கோடையிலேயே போட்டுவிட வேண்டும், மரம் நடுவதற்கு ஒரு மழைக்காலம் முன்னாலேயே. சித்திரை, வைகாசியில்தான் மண் வண்டி கொல்லை வரைக்கும் வரும். அதைவிட முக்கியம், புது மண் ஒரு மழையில் அமுங்க வேண்டும். செடி வைத்த பிறகு அமுங்கினால் செடியும் சேர்ந்து இறங்கி, தண்டைச் சுற்றிப் பள்ளம் விழும்.

அடியில் 8 அடி அகலம், மேலே 4 அடி அகலம், உயரம் நான் மேலே சொன்னபடி. அமுங்குவதற்காகக் கால் பங்கு கூடப் போடுங்கள். முதலில் அந்த இடத்துப் புல்லைச் செதுக்கிவிட்டு, மண்ணைக் கடப்பாரையால் குத்திக் கிளறிவிடுங்கள். பெயர்த்து எடுக்க வேண்டாம், கிளறினால் போதும். அதன் மேல் செம்மண் இரண்டு பங்கு, ஆற்று வண்டல் அல்லது மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அரைப் பங்கு. அரிசி ஆலையில் கிடைக்கும் உமியை ஒரு சாக்கு கலந்தால் மண் பொலபொலப்பாகவே இருக்கும். ஆனால் உமிச் சாம்பலோ அடுப்புச் சாம்பலோ போடாதீர்கள். சாம்பல் மண்ணைக் காரமாக்கும், இந்த மரத்துக்குக் கொஞ்சம் புளிப்புள்ள மண்தான் பிடிக்கும். ஈரச் சாணியும் வேண்டாம், அந்தச் சூடு இளம் வேரைப் பொசுக்கிவிடும்.

மழை மேட்டைக் கரைக்கத்தான் பார்க்கும். சரிவில் அருகம்புல் பற்றை பதியலாம், அடியைச் சுற்றி வெட்டிவேர் நடலாம். எங்கள் வீட்டில் விழுந்த தென்னை மரத்தைத் துண்டு போட்டு வட்டமாக அடுக்கி வைத்தோம். மேட்டின் தலை கவிழ்ந்த சட்டி வாட்டத்தில் இருக்க வேண்டும், நடுவில் குழி விடக்கூடாது. தென்னைக்கு வட்டப் பாத்தி எடுத்துப் பழகிய கை இதற்கும் பாத்தி எடுக்கப் பார்க்கும். கூலிக்கு ஆள் விட்டால் பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் மேடு காலியாகவே கிடக்கட்டும். கார்த்திகையில் நல்ல மழை பெய்து விட்டதும் குடையோடு போய்ப் பாருங்கள். மேட்டடியில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று ஒரு மழையிலேயே தெரிந்துவிடும். நிற்கும் பக்கத்திலிருந்து வாய்க்காலுக்கு ஒரு வடிகால் வெட்டிவிடுங்கள்.

கொட்டை எங்கே கிடைக்கும்

ஆனி முதல் ஆவணி வரை கொடைக்கானல் கீழ்மலைப் பழம் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சிச் சந்தைக்கெல்லாம் வந்துவிடும். பழம் வாங்கித் தின்றுவிட்டுக் கொட்டையை வைப்பது ஒரு வழி. பட்டர் ஃப்ரூட் ஜூஸ் போடும் கடையில் சொல்லி வைப்பது இன்னும் நல்ல வழி. சாயங்காலம் போனால் அன்று வெட்டிய கொட்டையை ஒரு பை நிறையக் கொடுப்பார்கள். அன்றைக்கு வெட்டியது என்று கேட்டு வாங்குங்கள். நெல் விதை மாதிரி காயவைத்து எடுத்து வைக்கும் விதை இல்லை இது. காய்ந்தால் செத்தது. பழத்திலிருந்து எடுத்தால் அன்றோ மறுநாளோ போட்டுவிடுவது உத்தமம். முடியவில்லை என்றால் ஈர மணலிலோ ஈரத் தென்னை நார்த்தூளிலோ புதைத்து நிழலில் வையுங்கள், இரண்டு வாரம் தாங்கும்.

எந்தப் பழத்தின் கொட்டை என்பது ரொம்ப முக்கியம். சூப்பர் மார்க்கெட்டில் தோல் கறுத்து, சொரசொரப்பாக, சின்னதாக இருக்கும் ஹாஸ் பழத்தின் கொட்டையை நான் எடுப்பதில்லை. அது குளிர்ந்த இடத்து ரகம், நம் கத்திரி வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ஏற்றதல்ல. வெண்ணெய்ப் பழத்தில் மூன்று இனம் உண்டு: மெக்சிகோ, குவாத்தமாலா, மேற்கிந்தியத் தீவு. சமவெளிச் சூட்டையும் புழுக்கத்தையும், ஓரளவு உப்பையும் தாங்குவது மேற்கிந்திய இனம். உப்புத் தண்ணீர்ப் பிரச்சினை உள்ள இஸ்ரேலில் அதன் செடியை வேர்ச்செடியாக வைத்து, மேலே வேறு ரகத்தை ஒட்டுக் கட்டுகிறார்கள்.

கடையில் அதை எப்படி அடையாளம் காண்பது? பச்சையாக, பெரிதாக, தோல் வழவழப்பாக இருக்கும். பழுத்த பழத்தைக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே கொட்டை ‘கடகட’ என்று ஆடும். சதையில் எண்ணெய்ச் சத்து குறைவு, கொஞ்சம் தண்ணியாக இருக்கும். கொட்டை ஆடும் பழத்தில் மேற்கிந்திய ரத்தம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பழக்கடையில் ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்த்துத்தான் நான் வாங்குவேன்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் இந்த இனத்தைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் இலை நுனி பழுப்பாகி, ஓரம் கருகிக்கொண்டே வரும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்ற முடியுமா என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

மரத்தடியில் விழுந்து கிடந்த பழமாக இருந்தால் கொட்டையோடு வேரழுகல் கிருமியும் வரலாம். வெப்பமானி இருந்தால் கொட்டையை 49, 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 நிமிடம் போட்டு எடுத்து, உடனே பச்சைத் தண்ணீரில் ஆறவிடுங்கள். சூடு அதற்கு மேல் போனால் முளை வெந்துவிடும். வெப்பமானி இல்லாமல் கைச்சூட்டை வைத்து இதைச் செய்யாதீர்கள்.

பையில் போடுவது

பல்குத்தும் குச்சியைக் குத்தித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தும் முறை பிள்ளைகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும். வேர் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். மரம் வேண்டுமென்றால் நேராக மண்ணில் போடுங்கள். தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்கு மாறும்போது திணறும்.

கொட்டையில் ஒட்டியிருக்கும் சதையைத் துளிகூட விடாமல் கழுவ வேண்டும், இல்லையென்றால் எறும்பு வரும், பூஞ்சணம் பிடிக்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டால் மேலே இருக்கும் பழுப்புத் தோல் தளர்ந்துவிடும். நகத்தால் கீறினால் காகிதமாக உரிந்து வரும். உரித்துவிட்டால் சீக்கிரம் முளைக்கும். உள்ளே வெளிறிய சந்தன நிறத்தில் கொட்டை தெரியும். இப்போது எது தலை, எது அடி என்று பாருங்கள். கூம்பலான பக்கம் தலை. தட்டையாக, நடுவில் வட்டத் தழும்போடு இருப்பது அடி. வேர் அந்தத் தட்டைப் பக்கத்திலிருந்துதான் வரும், அது கீழே இருக்க வேண்டும். உருண்டையாக இருக்கும் கொட்டையில் குழப்பம் வந்தால் மேசையில் வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கத்தில் ஆடாமல் உட்காருகிறதோ அது அடி.

பை உயரமாக இருக்கட்டும். 8 அங்குல அகலம், 12 அங்குல உயரக் கறுப்புப் பிளாஸ்டிக் பை நர்சரிக் கடையில் கிடைக்கும். ஆணிவேர் வேகமாக இறங்கும், குட்டைப் பையில் அடியில் சுருண்டுகொள்ளும். செம்மண், மணல், மக்கிய எரு சம பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. எருவோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத் தூளைக் கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்துவிட்டுச் சேர்த்தால் வேரழுகலுக்கு நல்ல காவல். உர டிப்போவில் கேட்டால் கிடைக்கும். கொட்டையை முக்கால் பாகம் புதைத்து, தலை மட்டும் தெரிய விடுங்கள். மேலே கம்பி வலை ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள், அணில் கிளறும்.

அப்புறம் பொறுமைதான். ஒரு மாதத்தில் முளைப்பதும் உண்டு, இரண்டு மாதம் ஆவதும் உண்டு. முதலில் கொட்டை நடுவில் கீறல் விட்டு இரண்டாகப் பிளக்கும். அழுகிவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பிளவுக்குள் பார்த்தால் அடியில் வெள்ளை வேர் கிளம்பியிருக்கும். அது இறங்கி நிலைத்த பிறகுதான் பிளவின் நடுவிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் தண்டு எட்டிப் பார்க்கும். இந்த இடைவெளியில் பிரித்துப் பார்க்கவோ பிடுங்கிப் பார்க்கவோ கூடாது. சில கொட்டையில் இரண்டு மூன்று தண்டு வரும், தடித்த ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கொட்டையின் இரண்டு பாதியும் பல மாதம் ஒட்டிக்கொண்டிருக்கும். செடிக்கு முதல் தீனி அதுதான், தானாக உதிரும் வரை விட்டுவிடுங்கள்.

இப்படி ஆடி, ஆவணியில் போட்டால் புரட்டாசியில் முளை வந்திருக்கும். முதல் மழைக்காலத்தைச் செடி பையிலேயே கழிக்கட்டும். தரையில் வைக்க வேண்டாம். செங்கல்லோ பலகையோ போட்டு உயர்த்தி வையுங்கள், ஓட்டுத் தண்ணீர் ஒழுகும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். தரையில் வைத்தால் ஆணிவேர் பை ஓட்டை வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும், தையில் தூக்கும்போது அறுந்துபோகும்.

தையில் நடவு

பொங்கல் முடிந்ததும் நடுங்கள். மழை விட்டிருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் ஏற இன்னும் இரண்டு மாதம் இருக்கும். ஆடிப்பெருக்குக்குச் செடி வைப்பது நம் ஊர் வழக்கம். மற்ற மரங்களுக்கு நான் அதைத்தான் செய்கிறேன். இதற்கு மட்டும் வேண்டாம். ஆடிக் காற்றில் இளஞ்செடி அலைக்கழிந்து, வேர் பிடிப்பதற்குள் அடைமழை வந்துவிடும். தையில் வைத்தால் அடுத்த ஐப்பசிக்குள் மேடு முழுக்க வேர் ஓடியிருக்கும்.

பையைப் பிளேடால் நீளவாக்கில் கிழித்து, மண் உருண்டை உடையாமல் இறக்குங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, அதைவிட ஓர் அங்குலம் உயரத் தூக்கியே வையுங்கள். சுற்றிலும் மண்ணைக் கையால் அழுத்தினால் போதும், காலால் மிதிக்காதீர்கள். மூங்கில் குச்சி நட்டு, சணலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

இடம் இருந்தால் 20 அடி இடைவெளியில் இரண்டு செடி வையுங்கள். இந்த மரத்தின் பூவில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒவ்வொரு பூவும் இரண்டு தடவை விரியும், முதல் தடவை பெண்ணாக, மறுநாள் ஆணாக. சில மரத்தில் காலையில் பெண்ணாக விரிந்து மறுநாள் மதியத்துக்கு மேல் ஆணாக விரியும். சில மரத்தில் மதியத்துக்கு மேல் பெண், மறுநாள் காலை ஆண். இரண்டு வகையும் பக்கத்தில் இருந்தால் மகரந்தம் சேருவது சுலபம். கொட்டையில் வந்த செடி எந்த வகை என்று பூக்கும் வரை தெரியாது, அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாக வைப்பது. ஒற்றை மரமும் காய்க்கும், குறைவாக.

முதல் கோடைதான் அடுத்த கண்டம். மேற்குப் பக்கம் அகத்தி விதையைத் தையிலேயே ஊன்றிவிடுங்கள். வெற்றிலைக் கொடிக்காலுக்கு நிழல் தருகிற அதே அகத்திதான். சித்திரைக்குள் ஆள் உயரம் வந்துவிடும், கீரையும் ஆச்சு. அதுவரை தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றை மேற்கே சாய்த்து வையுங்கள். பங்குனியில் தண்டுக்குச் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துப் பூசிவிடுங்கள். இதன் பட்டை மெல்லியது, வெயில் நேராக அடித்தால் வெந்து வெடிக்கும்.

மூடாக்கு இல்லாமல் இந்த மரத்தை வளர்க்கவே முடியாது என்பேன். வைக்கோல், சருகு, வெட்டிய வாழை மட்டை, எது கிடைத்தாலும் அரை அடி கனத்துக்குப் பரப்புங்கள். தண்டிலிருந்து அரை அடி தள்ளியே இருக்கட்டும், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும், கரையானும் ஏறும். மக்க மக்க மேலே போட்டுக்கொண்டே இருங்கள். மூடாக்குக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால் வெள்ளை வேர் சருகுக்குள் ஏறி வந்திருக்கும். அதனால் மேட்டின் மேல் கொத்துவதோ களை வெட்டுவதோ கூடாது. புல் முளைத்தால் கையால் பிடுங்குங்கள்.

தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. கோடையில் ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு குடம். ஊற்றுவதற்கு முன்னால் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு கிலோ மண்புழு உரம் போதும். தென்னைக்குக் கல்லுப்பு போடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அந்த உப்பு இதன் பக்கமே வரக்கூடாது.

ஈரத்தில் வாடினால்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். செடி தண்ணீர் இல்லாமல் வாடுவதும், தண்ணீர் மிஞ்சி வேர் கெட்டு வாடுவதும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டிலும் இலை தொங்கும். மன்னார்குடி வீட்டில், மேடு போடும் முன்னால் வைத்திருந்த செடி ஒரு கார்த்திகையில் தலை தொங்கிவிட்டது. நான் போனபோது அண்ணி சொன்னார்: “தண்ணி பத்தலையோன்னு நெனச்சு, மழை விட்டதுலேர்ந்து தெனம் ரெண்டு கொடம் ஊத்துறேன். இன்னும் வாடிக்கிட்டேதான் போவுது.” நல்ல மனசோடு செய்ததுதான். பிடுங்கிப் பார்த்தபோது நுனி வேரெல்லாம் கறுத்து, தொட்டால் உருவிக்கொண்டு வந்தது. நல்ல வேர் வெளிர் நிறத்தில், முறித்தால் ‘டக்’ என்று முறியும்.

அதனால் இலை தொங்கினால் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். ஈரமாக இருந்தால் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், மேட்டடியில் வடிகாலை ஆழப்படுத்துங்கள். கிளை நுனிகளைக் கொஞ்சம் கழித்துவிட்டால் வேருக்குச் சுமை குறையும். டிரைக்கோடெர்மா கலந்த எருவைப் பரப்பி மூடாக்கு போடுங்கள். இலை வெளிறிச் சின்னதாகிக்கொண்டே போவது, நுனிக் கிளை காய்வது, இதெல்லாம் அதற்கு முன்னாலேயே வரும் அறிகுறிகள். அப்போதே கவனித்தால் காப்பாற்றலாம்.

புயலையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையே சாய்ந்தது. இது அதைவிட நொய்ந்த மரம், கிளை சுலபமாக முறியும், வேரும் மேலோட்டம். 12 அடிக்கு மேல் போக விடாமல் புரட்டாசிக்குள் தலையைக் கழித்துவிடுங்கள். பறிக்கவும் கைக்கு எட்டும்.

ஒட்டுக் கட்டுவதா, விடுவதா

கொட்டையில் வரும் மரம் தாய்ப் பழத்தை அப்படியே தராது. பழம் பெரிதாக வரலாம், சின்னதாக வரலாம், நாராகவும் இருக்கலாம். காய்க்க ஆறு வருஷமும் ஆகும், பத்து வருஷமும் ஆகும். காத்திருக்க மனமும் இடமும் இருந்தால் விட்டுவிடலாம், நல்ல பழம் அமைந்தால் அது உங்கள் கொல்லைக்கென்றே வந்த ரகம். எங்கள் படுகையில் ஒன்றை அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

மற்றதில் ஒட்டுக் கட்டியிருக்கிறேன். நம் மண்ணைத் தாங்கும் வேர் கீழே, நல்ல பழம் தரும் ரகம் மேலே. தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் வந்த டி.கே.டி. 1, குடகில் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா சுப்ரீம், இவை நம் நாட்டு ரகங்கள். தண்டு பென்சில் கனம் வந்ததும் கட்டலாம், மாசியிலோ, மழைக்கு முன்னால் ஆவணியிலோ. ஒட்டுக்குச்சியை நல்ல காய்ப்புள்ள மரத்தில், நுனி மொட்டு பருத்து, இன்னும் விரியாத நிலையில் எடுக்க வேண்டும். இலையைக் காம்போடு கொஞ்சம் விட்டு நறுக்கி, ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

செடியை அரை அடி, முக்கால் அடி உயரத்தில் வெட்டி, தண்டின் நடுவில் ஒன்றரை அங்குலத்துக்குப் பிளந்துகொள்ளுங்கள். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி உள்ளே இறக்குங்கள். ஒரு பக்கமாவது பட்டையும் பட்டையும் சேர வேண்டும், அதுதான் உயிர். பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டி, குச்சி ஐஸ் கவரை மேலே மாட்டிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் மொட்டு விரியும், அப்போது கவரை எடுத்துவிடலாம். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரையெல்லாம் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கை பழகாதவர்கள் மா ஒட்டுக் கட்டும் ஒருவரைக் கூப்பிடுங்கள், அதே வேலைதான். ஒட்டு மரம் மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும்.

பூவும் காயும்

பனி முடியும் சமயத்தில் மரம் முழுக்க இளம்பச்சைப் பூங்கொத்து வரும், பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பயப்பட வேண்டாம், ஆயிரம் பூவுக்கு ஒன்று காயாகத் தங்கினாலே நல்ல காய்ப்பு. பூத்திருக்கும்போது மருந்து அடிக்காதீர்கள், தேனீ வரட்டும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலைப் பூக்கும் முன்னாலேயே அடித்து முடித்துவிடுங்கள்.

காய் மரத்தில் பழுக்காது. பறித்த பிறகுதான் பழுக்கும். முற்றியதா என்று தெரிய, பெரிய காய் ஒன்றைப் பறித்து அரிசிப் பானையில் புதைத்து வையுங்கள். ஒரு வாரத்தில் ஒரே சீராக மெத்தென்று ஆனால் மற்றதையும் பறிக்கலாம். தோல் சுருங்கி ரப்பராக இருந்தால் முற்றவில்லை. வெட்டிப் பார்த்தால் கொட்டைத் தோல் பழுப்பாகிக் காகிதமாக இருக்க வேண்டும், வெளுப்பாகத் தடித்திருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. காம்பு கொஞ்சம் விட்டு நறுக்குங்கள். பிய்த்தால் காம்புக்குழி வழியாக அழுகும்.

கடைசியாக, ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு. இந்த மரத்தின் இலை, பட்டை, கொட்டையில் பெர்சின் என்ற நச்சு இருக்கிறது. ஆடு, மாடு, குதிரை, முயல், கூண்டுக் கிளி, கோழி எதற்கும் ஆகாது. பால் கொடுக்கும் ஆடும் மாடும் தின்றால் மடி வீங்கிப் பால் வற்றும், அதிகம் தின்றால் நெஞ்சைத் தாக்கும். அகத்தியைக் கழித்து ஆட்டுக்குப் போடும் அதே கையில் இந்த இலையும் கலந்து போய்விடக்கூடாது. கழித்த கிளையை வேலிக்கு வெளியே எறியாமல், மரத்தடியிலேயே நறுக்கிப் போட்டு மூடாக்காக்கிவிடுங்கள். வெள்ளாடு ஏறும் கொல்லையாக இருந்தால் மேட்டைச் சுற்றி ஓர் ஆள் உயரத்துக்கு முள்வேலி கட்டாமல் செடியை வைக்காதீர்கள்.